பெயர் ஒன்று, அளவு வேறு

பல்லடத்தில் துணி வாங்கும் நாம் ஜி.எஸ்.எம். கேட்காமல் விலை பேசுவதில்லை. ஆனால், முப்பரிமாண ஆடை வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கும்போது, கிராபிக்ஸ் கார்டின் பெயரை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டை எடுத்துக்கொள்வோம். எந்த லேப்டாப்பில் இருந்தாலும் அதன் நினைவகம் 8 ஜிபிதான். ஆனால் அதற்குக் கிடைக்கும் மின்திறன், தயாரிப்பாளர் வைக்கும் அளவைப் பொறுத்து, 35 வாட் முதல் 115 வாட் வரை மாறும். இதனை டிஜிபி என்பர். அது மிகவும் குறைந்தால் வேகமும் குறையும். மெல்லிய லேப்டாப்பில் வெப்பம் வெளியேற இடம் குறைவு. ஆகவே வாட்டைக் குறைப்பதில் தவறில்லை. தெரிந்தும் அதை மறைத்து விற்பதுதான் தவறு.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தை உணர்ந்த நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்ததை நாம் அறிவோம். ஸஹீஹ் முஸ்லிமில் அந்த ஹதீஸ் பதிவாகியுள்ளது.

விற்கும் நம் சகோதரர்கள் வாட்டை விலைச்சீட்டிலேயே எழுதட்டும். வாங்கும் நாம், நினைவகம் எத்தனை ஜிபி, டிஜிபி எத்தனை வாட் என்று கேட்டபின் விலை பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.