காளையின் நலம் மட்டும் போதாது

பெங்களூருக்கு வடமேற்கே ஹெசரகட்டாவில் பொலி காளைகள் ராஜோபசாரத்துடன் வாழ்கின்றன. டென்மார்க் அரசின் உதவியோடு 1969-இல் அங்கே நிறுவப்பட்ட மத்திய உறைவிந்து நிலையத்துக்குள் வெளி மாடு எதுவும் நுழைய முடியாது. காளைகளிடமிருந்து எடுக்கப்படும் விந்து கால் மில்லி கொள்ளும் மெல்லிய குச்சிகளில் அடைக்கப்பட்டு, திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் வைக்கப்படுகிறது. கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் "சினை ஊசி" என்று சொல்லிப் பசுவுக்குச் செலுத்துவது இதைத்தான்.

இவ்வளவு பேணி வளர்க்கும் நம் காளைகளின் விந்தைக் கால்நடை வளம் மிக்க நாடுகள் வாங்க மறுக்கின்றனவே என்ற ஆதங்கம் அவ்வப்போது எழுகிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிரேசில் நாட்டு மாட்டுச் செல்வத்தின் பெரும் பகுதி இந்திய வம்சம். ஓங்கோல் மாடு அங்கே போய் நெல்லூரின் பெயரால் "நெலோர்" ஆயிற்று. குஜராத்தின் கிர் இனம் அங்கே பாலுக்குப் புகழ் பெற்றது. இப்போது அந்தக் கிர் காளைகளின் விந்தையே பிரேசிலிலிருந்து இந்தியா விலை கொடுத்துத் தருவிக்கிறது. கொடுத்தவன் வாசலில் நிற்கிறான் என்று மனம் குமுறுவது இயல்பே.

ஆனால் அந்த வாசலில் காவல் போட்டது யார், எதற்காக என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அவற்றோடு வெக்கை நோயும் இறங்கியது. பெல்ஜியத்து மந்தைகளில் அது பரவியதைக் கண்டு ஐரோப்பா கலங்கிற்று. அதன் விளைவாக 1924-இல் 28 நாடுகள் பாரிஸில் கூடி, கால்நடை நோய்களைப் பற்றி ஒன்றுக்கொன்று உடனுக்குடன் தகவல் தருவதற்கென ஒரு சர்வதேச அலுவலகத்தை ஏற்படுத்தின. உலக விலங்கு சுகாதார அமைப்பு என்று இன்று அழைக்கப்படுவது அதுவே. நம் காளைகளின் விந்துக்கு இன்று நிபந்தனை கூறும் விதித் தொகுப்பு அந்த அமைப்பினுடையது. அது பிறக்கக் காரணமானவையே இந்திய மாடுகள் என்பது விசித்திரமான வரலாறு.

விந்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒரு மாட்டை வாங்கினால் அதன் நோய் ஒரு தொழுவத்துக்கு வரும். ஒரு காளையின் விந்தோ ஆண்டில் பல்லாயிரம் குச்சிகளாகப் பிரிந்து பல்லாயிரம் தொழுவங்களுக்குப் போகிறது. விந்தணுவை உயிரோடு காக்கும் அதே குளிர் நோய்க் கிருமியையும் காத்து வைக்கிறது. விந்தோடு கலக்கும் மருந்து பாக்டீரியாக்களை அடக்கலாம். வைரஸை ஒன்றும் செய்யாது. கோமாரி கண்ட காளையின் விந்தில் அந்த வைரஸ் வெளிப்படும். வாயிலும் குளம்பிலும் புண் தோன்றுவதற்கு முன்பேகூட வெளிப்படும். ஆகவே பார்வைக்குக் காளை நலமாக இருக்கிறது என்ற சான்று செல்லாக் காசு.

சர்வதேச விதிகள் கேட்பவை கொஞ்சநஞ்சமல்ல. நிலையத்துக்குள் நுழையுமுன் காளையைக் குறைந்தது 28 நாள் தனியே கட்டி வைக்க வேண்டும். காசநோய், கன்று வீச்சு நோய் முதலியவற்றுக்குச் சோதனை செய்ய வேண்டும். இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் நுண்ணுயிர்களையும் தேட வேண்டும். உள்ளே வந்தபின் சோதனைகள் குறித்த காலத்தில் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். காளையை இயற்கைச் சேர்க்கைக்கு விடலாகாது. இவற்றில் பெரும்பாலானவற்றை இந்தியாவின் தேர்ந்த நிலையங்கள் இன்று கடைப்பிடிக்கின்றன. நிலையங்களைச் சோதித்துத் தரம் பிரிக்கும் மத்தியக் குழுவும் உண்டு.

சிக்கல் நிலையத்தின் மதிலுக்கு வெளியேதான் இருக்கிறது. கோமாரி உள்ள நாட்டிலிருந்து விந்தை வாங்கவே கூடாது என்று அந்த விதித் தொகுப்பு சொல்லவில்லை. வழி வைத்திருக்கிறது. விந்து எடுப்பதற்கு முன் 30 நாளும் பின் 30 நாளும் நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் எந்த மாட்டுக்கும் கோமாரி வந்திருக்கக் கூடாது என்பது அதன் முக்கியமான நிபந்தனை. எடுத்த விந்தை ஒரு மாத காலமாவது உள்நாட்டிலேயே இருத்தி வைத்து, அதற்குள் நோய் தலைகாட்டவில்லை என்று தெரிந்த பிறகே அனுப்பலாம். ஆக, விற்கப்படுவது காளையின் விந்தானாலும், பரீட்சிக்கப்படுவது 10 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஒவ்வொரு குடியானவனின் கொட்டகையும்தான். அந்தக் கொட்டகைகளின் நிலைமை என்ன?

பெங்களூர்த் தமிழர்களுக்குக் "காலு பாயி ரோகம்" என்று கன்னடத்திலும் பழகிப்போன இந்த நோய் 2013-இல் கர்நாடகத்தை உலுக்கியது. கோலார், ராமநகரம் முதலிய மாவட்டங்களில் மாடுகள் மடிந்தன; மாநிலத்தில் மொத்தம் ஆயிரக்கணக்கில் மாண்டன. பிழைத்த பசுக்களில் பல முன்போல் கறக்கவில்லை. சங்கத்துக்குக் காலையில் ஊற்றும் பாலில் குடும்பம் நடத்துகிறவனுக்கு ஏற்றுமதி என்ற பேச்சே அந்நியம். ஆனால் அவன் பசுவைக் காப்பாற்றும் ஊசியும் ஹெசரகட்டாக் காளைக்குக் கடல் கடக்கும் அனுமதியைப் பெற்றுத் தரக்கூடிய ஊசியும் ஒன்றே.

பணக்கார நாடுகள் நோயைச் சாக்காக வைத்துத் தங்கள் வியாபாரத்தைக் காத்துக்கொள்கின்றன என்று சொல்வோர் உண்டு. சர்வதேச விதி வைத்திருக்கும் வழியையும் அடைத்து, நோயற்ற நாட்டிலிருந்து மட்டுமே வாங்குவோம் என்று சில நாடுகள் பிடிவாதம் செய்வது உண்மையே. அதை உரிய மன்றங்களில் வாதாட வேண்டும். ஆனாலும் இதை வெறும் இந்திய விரோதம் என்று தள்ளிவிட முடியாது. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் பெர்லின் அருகே ஒரு சிறிய எருமைப் பண்ணையில் கோமாரி கண்டது. 1988-க்குப் பிறகு அந்த நாட்டில் அதுவே முதல் முறை. அவ்வளவுதான், முழு நாட்டுக்கும் இருந்த "நோயற்ற நாடு" என்ற அந்தஸ்து போயிற்று. பிரிட்டனும் தென் கொரியாவும் கதவைச் சாத்தின. ஜெர்மானியருக்கு இல்லாத தயவு நமக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பிரேசிலையே எடுத்துக்கொள்ளலாம். அந்த நாடும் கோமாரியோடு பல பத்தாண்டுகள் மல்லாடியது. வட்டாரம் வட்டாரமாக நோயை ஒழித்து, 2025 மே மாதத்தில் தடுப்பூசியே தேவைப்படாத நோயற்ற நாடு என்ற அங்கீகாரத்தைப் பெற்றுவிட்டது. நம்மிடம் மாடு வாங்கிச் சென்றவர்கள் நம்மை முந்தியது இனத்தேர்வில் மட்டுமல்ல.

இந்தியாவால் முடியாது என்பதும் இல்லை. வெக்கை நோயை ஒழிக்க 1954-இல் தொடங்கிய இயக்கம் ஊர் ஊராகச் சென்றது. 1995-க்குப் பின் அந்த நோய் இங்கே காணப்படவில்லை. 2006-இல் சர்வதேச அங்கீகாரமும் வந்தது. கோமாரி அதைவிடப் பிடிவாதமான எதிரி. வெக்கைக்கு ஒருமுறை போட்ட ஊசி நெடுங்காலம் காத்தது. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டாக வேண்டும்; அதுவும் நாட்டில் உலவும் மூன்று வகை வைரஸ்களுக்கும் சேர்த்து. 2019 செப்டம்பரில் 13,343 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அரசு மதுராவில் தொடங்கி வைத்து, 2030-க்குள் கோமாரியை ஒழிப்பதாக இலக்கு வைத்தது. மாடுகளின் காதில் 12 இலக்க எண்ணுடன் வில்லைகள் ஏறின. பணம் ஒதுக்கியாயிற்று, எண்ணும் போட்டாயிற்று. ஆனால் ஊசி மருந்து ஆலையிலிருந்து கொட்டகை வரை குளிர் குறையாமல் போய்ச் சேர்கிறதா, இரண்டாவது தவணை நாள் தவறாமல் போடப்படுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பால் குறைந்துவிடும், சினை கலைந்துவிடும் என்று பயந்து ஊசிக்காரர் வரும் நாளில் மாட்டை மறைப்பவர்களைச் சுற்றறிக்கையால் திருத்திவிட முடியாது.

சந்தைகளும் கவலைக்குரியவை. ஹெசரகட்டாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத காட்டி சுப்பிரமணியா மாட்டுத் தாவணிக்குப் பல ஜில்லாக்களிலிருந்து ஹள்ளிகார் காளைகள் வருகின்றன. ஓசூர்ப் பக்கத்து மாடுகளுக்கு மாநில எல்லை ஒரு பொருட்டல்ல. 2022-இல் தோல் கழலை நோய் பரவியபோது மாட்டுச் சந்தைகளுக்குத் தடை விதிக்க நேர்ந்தது. நோய் வந்தபின் சந்தையை மூடுவதைவிட, ஊசி போட்ட பதிவு இல்லாத மாட்டைச் சந்தை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கம் ஏற்படுவது நல்லது.

இறக்குமதியிலும் இதே கண்டிப்பு வேண்டும். 1898-ஆம் ஆண்டுக் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின் கீழ் அனுமதி பெறாமல் ஒரு குச்சி விந்துகூட உள்ளே வரக்கூடாது. 2011-இல் ஜெர்மனியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஷ்மாலன்பர்க் வைரஸின் தடயம் காளை விந்திலும் பின்னர் தென்பட்டது. அதுவரை எந்தச் சான்றிதழிலும் அதன் பெயர் இருந்திருக்க முடியாது. கிர் விந்து சொந்த வீட்டுச் சரக்குத்தானே என்று சோதனையில் சலுகை காட்டத் தொடங்கினால், அடுத்தவரிடம் நாம் வாதாடும் தகுதியும் போய்விடும்.

முழு நாட்டிலும் கோமாரி ஒழியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கர்நாடகம், தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் நோயற்ற மண்டலங்களை உருவாக்க மத்திய அரசு எண்ணியிருக்கிறது. அதன் முதல் வட்டத்தை ஹெசரகட்டாவைச் சுற்றியே போடலாம். அந்த 10 கிலோமீட்டருக்குள் எத்தனை மாடு, எத்தனை ஆடு, எத்தனை பன்றி இருக்கின்றன, கடைசி ஊசி எந்தத் தேதியில் போடப்பட்டது, நோய் இருப்பதாகத் தகவல் கொடுத்த விவசாயிக்கு நஷ்டஈடு எத்தனை நாளில் கிடைத்தது என்ற விவரங்களை மாதந்தோறும் கன்னடத்தில் எழுதி ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்து வாசலிலும் ஒட்டட்டும். வெளிநாட்டுப் பரிசோதகர் வந்து கேட்டால் காட்டுவதற்கும் அதே காகிதம் உதவும்.