முந்நூறு குதிரையும் ஒரு மச்சானும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: இது என் கூட்டாளி ஒருத்தனை நேர்ல திட்ட முடியாம எழுதுற பதிவு. ஃபோன்ல சொன்னா "சரி மச்சி, சரி மச்சி"ன்னு சொல்லிட்டு வெச்சிடுறான். இதைப் படிப்பான். படிச்சிட்டு "உள்குத்து ஏதும் இருக்கா?"ன்னு கேப்பான். உள்குத்து எல்லாம் இல்லடா, வெளிக்குத்து தான்.

விஷயம் இதுதான் மக்களே. ஐயா வர்ற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சாக்ரமெண்டோ பக்கம் ஒரு போர்ஷே 911 பார்க்கப் போறார். 2001 மாடல். 996ன்னு சொல்லுவாங்களே, உடைஞ்ச முட்டை மாதிரி ஹெட்லைட் வெச்சது, அதே தான். 3.4 லிட்டர், 300 குதிரை. விலை 27 ஆயிரம் டாலர். இதுல 18 ஆயிரம் கைக்காசு, மீதி ஓய்வூதியக் கணக்குல இருந்து கடன். வீட்டுல நாலு மாசக் குழந்தை. எதுக்குய்யா இந்தக் காருன்னு கேட்டா, டிராக் டேவுக்காம். தண்டர்ஹில்லும் லகுனா சேக்காவும் போய் ஓட்டணுமாம். இதுவரைக்கும் எத்தனை டிராக் டே போயிருக்கான்? பூஜ்யம். வீட்டுல ஸ்டீரிங் மாட்டி கம்ப்யூட்டர்ல ஓட்டினது தான் மொத்த அனுபவம்.

அவன் ஒருத்தன் மட்டும்னா பதிவு போட்டிருக்க மாட்டேன். வளைகுடாப் பகுதியில பொட்டி தட்டுற நம்ம பசங்க பாதிப்பேருக்கு இந்த வியாதி இருக்கு. அஞ்சு வருஷம் ஆணி புடுங்கினதும் கையில கொஞ்சம் காசு. பதினஞ்சு இருபது வருஷத்துக்கு முன்னாடி கோடீஸ்வரன் மட்டும் வாங்கின கார் இப்ப புது கேம்ரி விலைக்குக் கிடைக்குது. "புது கேம்ரி விலைக்கு போர்ஷேடா!" இந்த ஒரு வாக்கியத்துல மூளை அணைஞ்சிடுது. டேய், கார் விலைதான் கேம்ரி விலைக்கு இறங்கியிருக்கு. உதிரி பாகத்தோட விலையும் மெக்கானிக் கூலியும் அன்னிக்கு எந்த வர்க்கத்துக்காக வெச்சாங்களோ அங்கேயே தான் நிக்குது.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டவன் நான். 2022-ல ஒரு ஜெர்மன் கூபே வாங்கினேன். பேர் வேணாம், காரு மேல தப்பு இல்ல. 330 குதிரை, ஆளோட சேர்த்து 1,600 கிலோ. ஒரே மாசத்துல வில்லோஸ்ல இருக்கிற தண்டர்ஹில்லுக்கு ஓட்டிட்டுப் போயிட்டேன். ஜூலை மாசம், நம்ம வேலூர் வெயில் தோத்துடும். முதல் இருபது நிமிஷ ஓட்டம் சொர்க்கம். ரெண்டாவது ஓட்டத்துல ஏழாவது சுத்து. பின்பக்க நேர்ச்சாலை முடியற இடத்துல பிரேக்கை மிதிச்சேன். பெடல் பஞ்சு மூட்டை மாதிரி தரை வரைக்கும் போச்சு. கார் நிக்கல.

அந்த ரெண்டு வினாடியை என்னால சரியா எழுத முடியல. பக்கத்துல உட்கார்ந்திருந்த இன்ஸ்ட்ரக்டர், அறுபது வயசு மனுஷன், "நேரா போ, நேரா போ"ன்னு கத்தினது ஞாபகம் இருக்கு. நேரா போனேன். புல்லு, அப்புறம் மண்ணு, அப்புறம் ஒரே புழுதி, அப்புறம் அமைதி. சுவர் இல்லாத இடமா அமைஞ்சது எங்கம்மா கும்பிட்ட சாமி. வண்டி பூரா மண்ணு வாரி இறைச்சதோட முடிஞ்சது. மனுஷன் இறங்கி ஹெல்மெட்டைக் கழட்டிட்டு கேட்ட முதல் கேள்வி, "பிரேக் ஆயில் எப்ப மாத்தினே?" நான் மாத்தல. வித்தவர் மாத்தியிருப்பார்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

இங்க கொஞ்சம் பாடம் எடுக்கிறேன், தூங்குறவங்க தூங்கலாம். நான் படிச்சது ஈசிஈ, மெக்கானிக்கல் இல்ல. ஆனா பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ் போதும். 1,600 கிலோ வண்டியை 200 கிமீ வேகத்துல இருந்து 100-க்கு இறக்கினா கிட்டத்தட்ட 1.85 மெகாஜூல் சக்தி எங்கயாவது போகணும். காத்து கொஞ்சம் எடுத்துக்கும், மீதி பெரும்பாலும் பிரேக் தட்டுக்கு சூடா இறங்கும். அஞ்சரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு அது, அதுவும் அஞ்சாறு வினாடியில! ஒரு சுத்துல இந்த மாதிரி நாலஞ்சு இடம். அந்த சூடு காலிப்பர் வழியா பிரேக் ஆயிலுக்கு வரும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கறது விதி. ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற சாமான். தண்ணி கலந்தப்புறம் 155 டிகிரி தாங்கினா போதும்னு அதே விதி சொல்லுது. கொதிச்சா ஆவி. ஆயிலை அழுத்தினா பிரேக் பிடிக்கும், ஆவியை அழுத்தினா அது பாட்டுக்கு சுருங்கும். பெடல் தரைக்குப் போற மர்மம் இதுதான்.

இப்ப அதே கணக்கை ஒரு மியாட்டாவுக்குப் போடுங்க. ஆளோட 1,150 கிலோ. அதே நேர்ச்சாலை முடிவுல அது 160 தான் தொட்டிருக்கும். 160-ல இருந்து 80-க்கு இறக்கினா 0.85 மெகாஜூல். பாதிக்கும் கம்மி. பிரேக், டயர், வீல் பேரிங், உங்க பர்ஸ், எல்லாத்துக்கும் பாதிக்கும் கம்மி. குதிரைசக்தி குதிரைசக்தின்னு உருகுற மகானுங்க, ஏறின வேகத்தை ஒவ்வொரு வளைவுலயும் இறக்கவும் செலவு பண்ணணும்ங்கறதை மட்டும் கணக்குல சேர்க்க மாட்டேங்கறாங்க.

அந்தக் கூபேயை பதினாலு மாசம் வெச்சிருந்தேன். மொத்தம் நாலே டிராக் டே. ஏன்னா ஒவ்வொரு தடவை போயிட்டு வந்ததும் அடுத்த ரெண்டு மாச சேமிப்பு பேடுக்கும் டயருக்கும் போச்சு. ஒரு செட் டயர் 1,200 டாலர். கடைசியில ஓட்டவே பயம், எங்க எது உடையுமோன்னு காதைத் தீட்டிக்கிட்டே ஓட்டினேன். வித்துட்டு 2001 மியாட்டா ஒண்ணு 7,500-க்கு வாங்கினேன். ரோல் பார் ஏற்கெனவே போட்டிருந்தது. அதுல இதுவரைக்கும் இருபத்திரண்டு டிராக் டே. எதுல கார் ஓட்டக் கத்துக்கிட்டேன்னு நீங்களே சொல்லுங்க.

சரி, 996-க்கு வருவோம். இணையத்துல யாரைக் கேட்டாலும் ஐஎம்எஸ் பேரிங்னு மந்திரம் ஓதுவாங்க. கிராங்க்ல இருந்து கேம்ஷாஃப்டுக்கு இயக்கத்தைக் கடத்துற நடு ஷாஃப்டோட பேரிங் அது. போச்சுன்னா டைமிங் போகும், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், எஞ்சின் காலி. அமெரிக்காவுல உரிமையாளர்கள் சேர்ந்து போட்ட வழக்கு 2013-ல சமரசத்துல முடிஞ்சது. 2001 மாடல்ல எந்த வகை பேரிங் இருக்குன்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும். ஆனா என்னைக் கேட்டா இந்த பயம் கொஞ்சம் மிகை. மாத்திட்டா தொல்லை முடிஞ்சது, கிளட்ச் மாத்தும்போது சேர்த்தே மாத்திடலாம். பயப்பட வேண்டியது வேற. நல்லா ஒட்டுற டயரைப் போட்டு நீளமான வளைவுல சுத்தும்போது எஞ்சின்ல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி பம்புக்கு எட்டாமப் போறது. தெருவுல ஓட்டினா இந்தப் பிரச்சினையே வராது. டிராக்குக்குன்னு வாங்குறவனுக்குத் தான் இது. மச்சான் இதைப் பத்திப் பேசவே இல்ல, பேரிங் பத்தி மட்டும் மூணு மணி நேரம் பேசுறான்.

அடுத்த கூத்து, விளம்பரத்துல "ஒருபோதும் டிராக்ல ஓடாத கார்"னு போட்டிருக்காம். அதைப் பெருமையா சொல்றான். அட ராமா! இருபது வருஷத்துக்கு மேல கராஜ்ல போர்வை போத்தித் தூங்கின காரோட ரப்பர் ஹோஸ் எல்லாம் காய்ஞ்ச கருவாடு. அதை இழுத்துட்டுப் போய் 7,000 ஆர்பிஎம்ல அடிச்சா முதல்ல கிழியறது எதுன்னு பந்தயம் கட்டலாம். டிராக் காரை டிராக்ல ஓட்டினவன்கிட்ட வாங்கணும். பிரேக் ஆயில் மாத்தின தேதி, பேட் மாத்தின தேதின்னு ஒரு அழுக்கு நோட்டு வெச்சிருப்பான் பாருங்க, அவன்கிட்ட.

அப்புறம் "ஓடவே இல்ல"ங்கறது உண்மையான்னு எப்படித் தெரியும்? விபத்து ரிப்போர்ட் சுத்தம்னு காட்டுவாங்க. இன்சூரன்ஸ், போலீஸ்னு எங்கயாவது பதிவானாத்தான் அந்த ரிப்போர்ட்ல வரும். டிராக்ல சுவத்துல மோதி சொந்தக் காசுல சரி பண்ணினது எங்க வரும்? சக்கர வளைவுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, உருகின ரப்பர் துணுக்கு ஒட்டியிருக்கும். பிரேக் தட்டுல முடி முடியா விரிசல் இருக்கும். காலிப்பர் பெயிண்ட் பழுப்பேறியிருக்கும். டயர்ல வெளி ஓரம் மட்டும் தேய்ஞ்சிருக்கும். இழுவைக் கொக்கி மாட்டுற துளையில மரை தேய்ஞ்சிருக்கும். இந்தக் காருல இன்னொரு வசதி, கம்ப்யூட்டரே சாட்சி சொல்லும். மூணுல இருந்து நாலுக்குப் போகவேண்டியவன் அவசரத்துல ரெண்டைப் போட்டுட்டா எஞ்சின் எல்லை மீறி சுத்தும், அது எத்தனை தடவைன்னு உள்ள பதிவாகும். ரேஞ்ச் 2-ல கணிசமா எண்ணிக்கை இருந்தா, எஞ்சினைத் திறந்து பார்க்காம காசு குடுக்காதே.

இவ்வளவு சொன்னதுக்கு அவன் பதில் என்ன தெரியுமா? "மியாட்டா பொம்மை கார் மச்சி, ஊர்ல ஃபோட்டோ அனுப்பினா சிரிப்பாங்க." ஆக, டிராக்குக்கு இல்ல, வாட்ஸப் குரூப்புக்கு. அதுக்கு வாடகைக்கு ஒரு போர்ஷே எடுத்து ஒரு நாள் முழுக்க ஃபோட்டோ புடிடா, நானே எடுத்துத் தர்றேன்.

ஊரை இழுத்ததால ஊர்க்கதை ஒண்ணு. கோயம்புத்தூர்ல கரிவரதன் பந்தயக் கார் கட்டினப்ப எந்த எஞ்சினை எடுத்தார்? மாருதி 800-ல இருக்கிற 796 சிசி, மூணு சிலிண்டர். அந்த ஃபார்முலா மாருதியில தான் நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூர்ல பந்தயம் ஓட்ட ஆரம்பிச்சார். 2005-ல ஃபார்முலா 1 போனார். அவர் மளிகைக்கடைக்குப் போற கார் எஞ்சின்ல ஆரம்பிச்சார். நமக்கு முதல் நாளே 911 வேணும்.

"தல மட்டும் போர்ஷே ஓட்டலாமா?"ன்னு வேற கேக்குறான். ஓட்டட்டும்யா! 2025 ஜனவரியில துபாய்ல பயிற்சியில அவர் கார் சுவத்துல அடிச்சு சுழன்றதை நீங்களும் பார்த்தீங்க, நானும் பார்த்தேன். சொந்தமா நடந்து வந்தார். முழு ரோல் கேஜ், பந்தய சீட், பந்தய பெல்ட், கழுத்தைப் பிடிக்கிற சாதனம், பின்னாடி ஒரு டீமே இருந்தது. அதோட அந்த மனுஷன் பல வருஷமா பந்தயம் ஓட்டறவர். உன் கார்ல இருக்கிறது கம்பெனி சீட்டும் 2001-ல தைச்ச பெல்ட்டும். உன் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படி, டிராக்ல நடந்தா செல்லாதுன்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். தனியா ஒரு நாள் பாலிசி வாங்கணும், அது காரோட மதிப்புக்கு ஏத்த விலை. 27 ஆயிரத்துக்கு வாங்கினதை சுவத்துல விட்டா, கார் போயிடும், ஓய்வூதியக் கடன் மட்டும் மாசாமாசம் சம்பளத்துல புடிப்பாங்க.

நான் சொல்றதுலயும் ஓட்டை இருக்கு, மறைக்கல. மியாட்டா பழைய சின்ன கார். பெரிய வண்டியோட மோதினா நஷ்டம் நமக்குத் தான். ரோல் பார் இல்லாம அதை டிராக்ல ஏத்தவே கூடாது, பல அமைப்பாளர்கள் ஏத்தவும் விட மாட்டாங்க. ஆறடிக்கு மேல வளர்ந்தவங்க தலை வெளிய நீட்டும். நேர்ச்சாலையில எல்லாரும் நம்மளத் தாண்டிப் போவாங்க, ஒவ்வொருத்தருக்கும் கையை வெளிய நீட்டி "போ ராசா"ன்னு வழி காட்டணும், சாயங்காலம் தோள்பட்டை கழண்டுடும். கூரை வேணும்னா 2012-ல வந்த அந்த டொயோட்டா, சுபாரு ரெட்டைப் பிள்ளைகள் இருக்கு, 200 குதிரை, 1,250 கிலோ. அதையாவது வாங்கித் தொலை. ஹோண்டா எஸ்2000 நல்ல கார் தான், ஆனா இப்ப அதை சேமிப்புப் பத்திரம் மாதிரி பதுக்கி வெச்சு விலை ஏத்திட்டாங்க, படுபாவிங்க.

மச்சான், சனிக்கிழமை நானும் வர்றேன். டார்ச்சு, பெயிண்ட் தடிமன் பார்க்கிற கருவி ரெண்டும் என்கிட்ட இருக்கு. வித்துறவன்கிட்ட அந்த ஆர்பிஎம் ரிப்போர்ட்டை இன்னிக்கே கேட்டு வை. இழுத்தடிச்சான்னா அந்தப் பக்கமே போக வேணாம். திரும்பி வர்ற வழியில வேக்கவில்ல ஒருத்தர் 2003 மியாட்டா போட்டிருக்கார், 8,000 டாலர், பானட்ல பெயிண்ட் உரிஞ்சிருக்கு, ரோல் பார் இருக்கு. அழுக்கு நோட்டும் இருக்காம், கேட்டுட்டேன். மதியம் ரெண்டு மணிக்கு வர்றோம்னு சொல்லி வெச்சிருக்கேன். ஃபோனை எடுடா.