‘கருணை கூர்ந்து’ என்று எழுதாதீர்!

“ஐயா அவர்கள் கருணை கூர்ந்து...” வேலையிலிருந்து நிற்கும் மில் தொழிலாளி தன் பணிக்கொடையைக் கேட்டு எழுதும் மனு இப்படித்தான் ஆரம்பமாகிறது. கூலி பாக்கி கேட்கப் போகும் பாகூர்ப் பக்கத்து விவசாயத் தொழிலாளியும், “பெரிய மனசு பண்ணணும்” என்றுதான் வாய் திறக்கிறார். தோழர்களே, இந்தச் சொல்லைச் சற்று உரசிப் பார்ப்போம்.

கருணையை நாம் பழிக்கவில்லை. வேலைநிறுத்த நாட்களில், தன் பானையில் இருக்கும் அரைப் பானைக் கஞ்சியில் பாதியை அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறாளே ஒரு தாய், அது கருணை. தன்னுடையதைப் பிறருக்குத் தருவது கருணை. பிறருடையதைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு பிடியை மட்டும் திருப்பிப் போடுவதற்குப் பெயர் என்ன? முதலாளிகளின் அகராதியில் அதற்கும் கருணை என்றே பெயர்! மேலே ஒருவர் இரங்க வேண்டுமானால், கீழே ஒருவர் இரக்க வேண்டும். இன்று இரங்கியவர் நாளை மனம் மாறினால் கேட்பதற்கு நாதியில்லை.

புதுச்சேரியின் சரித்திரம் என்ன சொல்கிறது? 1936 ஜூனில், பிரான்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து போராடி, வாரம் 40 மணி நேர வேலையை வென்றார்கள். அதே கொடி பறந்த நம் ஊரில், அடுத்த மாதம் என்ன நடந்தது? ஜூலை 30ஆம் தேதி சவானா மில்லில், எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு சர்க்கார் குண்டு மாரி பொழிந்தது. 12 தோழர்கள் மாண்டார்கள். பாரிஸின் கருணை கப்பலேறி வரவில்லை! தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் மில் தொழிலாளர் கலையாமல் நின்றார்கள். 1937இல் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின. இதை யாருடைய தயவு என்று சொல்வது?

வயல்வெளித் தோழர்களுக்கும் இதே பாடம்தான். தஞ்சையில் பொங்கலுக்கு வேட்டி கொடுத்த மிராசுதாரின் கைதான் சவுக்கையும் எடுத்தது, சாணிப்பாலையும் புகட்டியது. வேட்டி வாங்கியதால் சவுக்கு ஓயவில்லை. தோழர் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய விவசாயிகள் சங்கம் எழுந்த பிறகே, 1944 ஒப்பந்தத்தில் அந்தக் கொடுமைகளைக் கைவிட மிராசுதார்கள் கையெழுத்திட்டார்கள்.

‘பணிக்கொடை’ என்ற பெயரிலேயே ‘கொடை’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் யாருக்குக் கொடுக்கும் கொடை? 1972ஆம் வருஷச் சட்டம், ஐந்து வருஷம் தொடர்ந்து உழைத்தவருக்கு, வருஷம் ஒன்றுக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்கு வகுத்தது. கணக்குப் பார்த்துக் கொடுப்பது கடன், கொடையாகாது. போனஸும் ஒரு காலத்தில் முதலாளி பார்த்துப் போடும் இனாமாகத்தான் இருந்தது. 1965இல் அதுவும் சட்டமாயிற்று.

நூறு வருஷம் புகை கக்கிய ரோடியர் மில், 2020இல் மூடப்பட்டது. மில்லைப் பூட்டலாம், உழைத்தவருக்குச் சேர வேண்டிய கணக்கைப் பூட்ட முடியாது.

ஆகவே தோழர்களே, அடுத்த மனுவில் ‘கருணை கூர்ந்து’ என்ற இரண்டு சொற்களையும் அடித்துவிடுங்கள். ‘எங்களுக்குச் சேர வேண்டியது இவ்வளவு; இன்ன தேதிக்குள் கொடுக்கவும்’ என்று எழுதுங்கள். ஒருவராகப் போனால் அது மனு. சங்கமாகப் போனால் அது கோரிக்கை.