கையாற் பெறும் அறிவு

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் நாட்டில் நெடுங்காலமாய் வழங்கிவரும் பழமொழி. அதனை எடுத்துரைப்பார் பலர். அதன்படி ஒழுகுவாரோ சிலர். வீட்டிற் கிடைக்கும் எளிய பொருள்களையும், பழுதுற்று ஒதுக்கப்பட்ட கருவிகளையும் கொண்டு தானே ஏதேனும் ஒன்றைச் செய்து பார்க்கும் மாணவனை நோக்கி, "படிக்கும் நேரத்தில் என்ன விளையாட்டு?" என்று பெற்றோர் கடிந்துரைப்பதும், பரீட்சைக்கு உதவாத முயற்சியென ஆசிரியர் ஒதுக்கிவிடுவதும் இன்றும் நாம் காணும் செய்தியே. அவ்விளையாட்டு கல்விக்குப் புறம்பானதன்று. உண்மையைத் தானே சோதித்தறியும் பழக்கத்தை மாணவனுக்கு அளிப்பதில் அதற்கு நிகரான ஆசான் வேறில்லை என்பதே யாம் இங்கு எடுத்துக்கூற விழைவது.

முதற்கண் ஒரு வரலாற்றை நோக்குவோம். மின்னியல் அறிஞருள் தலைசிறந்தவராகப் போற்றப்படும் மைக்கேல் பாரடே வறிய குடும்பத்திற் பிறந்தவர். இலண்டன் மாநகரிலே புத்தகம் கட்டும் தொழிலைப் பயின்றவர். 1812-ஆம் ஆண்டில், அத்தொழிற்பயிற்சி முடிவுறும் தறுவாயில், அவர் ஏழு செப்புக் காசுகளையும், ஏழு துத்தநாகத் தகடுகளையும், உப்புநீரில் நனைத்த ஆறு காகிதத் துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு மின்னடுக்கு அமைத்தார். அதனின்று எழுந்த மின்சாரத்தால் மக்னீசியம் சல்பேட்டு சிதைவுறுதலைக் கண்டு, களிப்பு மேலிட நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். இத்தகைய மின்னடுக்கை இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800-ஆம் ஆண்டிலேயே உலகிற்கு அறிவித்திருந்தார். ஆகவே, பாரடே அன்று புதிதாக ஒன்றும் கண்டுபிடித்தாரல்லர். எனினும், பிறர் கண்டதைத் தம் கையாற் செய்து பார்த்தாலன்றி அவர் உள்ளம் அமைதியுறவில்லை. காந்தத்தைக்கொண்டு மின்சாரம் உண்டாக்கும் வழியை 1831-ஆம் ஆண்டில் உலகிற்குக் காட்டிய பெரியாரின் தொடக்கம், ஏழு காசுகளை அடுக்கிய இவ்விளையாட்டே என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்விளையாட்டை இன்று நம் அடுக்களையிலேயே ஆடிப் பார்க்கலாம். ஓர் எலுமிச்சம்பழத்தில் துத்தநாகப் பூச்சுள்ள ஆணி ஒன்றையும், செம்புக் கம்பி ஒன்றையும் ஒன்றையொன்று தொடாவண்ணம் செருகினால், அவற்றிடையே ஏறத்தாழ 0.9 வோல்ட்டு மின்னழுத்தம் தோன்றும். மாணவன் ஆவலோடு ஒரு சிறு சிவப்பு எல்.இ.டி. விளக்கை இணைக்கின்றான்; அஃது எரிவதில்லை. அவ்விளக்கு ஒளிர ஏறக்குறைய 1.8 வோல்ட்டு வேண்டுமென்று அறிந்து, மூன்று நான்கு பழங்களைத் தொடராக இணைக்கின்றான்; மங்கலாக ஒளி எழுகின்றது. உடனே பேராசையுற்று, டார்ச்சு விளக்கின் பழைய இழைக்குமிழை இணைக்கின்றான். அது சிறிதும் எரிவதில்லை. அழுத்தம் இருந்தும் மின்னோட்டம் போதாதென்பதை அப்போழ்து உணர்கின்றான். சில நாள் கழித்து ஆணியைப் பிடுங்கிப் பார்க்கின், அதன் பூச்சு அரிக்கப்பட்டிருத்தலைக் காண்பான். "பழத்திலிருந்து மின்சாரம் வருகின்றது" என்று ஊரார் கூறுவது பிழை. தன்னைக் கரைத்துக்கொண்டு ஆற்றலை ஈவது துத்தநாகமே, பழச்சாறு அதற்குத் துணைமட்டுமே என்பது அவனுக்கு விளங்கும். முதல் முயற்சியிலேயே விளக்கு எரிந்திருப்பின் இவற்றுள் ஒன்றையேனும் அவன் நாடியிருப்பானோ?

மற்றோர் எடுத்துக்காட்டும் காண்போம். ஒரு மின்கலம், இரண்டு ஊக்குகள், பழைய ஒலிபெருக்கியிற் கழற்றிய ஒரு காந்தம், மெருகுப்பூச்சுடைய சிறிது செம்புக் கம்பி ஆகிய இவற்றால் ஒரு மின்சார மோட்டார் அமைத்துவிடலாம். கம்பியை வளையமாகச் சுற்றி, அதன் இரு முனைகளையும் ஊக்குகளின் துளைகளில் நுழைத்து நிறுத்த வேண்டும். முனைகளின் பூச்சை முழுதும் சுரண்டிவிட்டால், வளையம் சற்றே துள்ளி ஆடி நின்றுவிடும். ஒரு முனையை முழுதும், மற்றொன்றை அரைப்பக்கம் மட்டும் சுரண்டினாலோ, ஓயாது சுழலும். காரணம் யாதெனின், வளையம் அரைச்சுற்று வந்தவுடன் காந்தவிசை அதனை எதிர்த்திசையில் திருப்ப முற்படுகின்றது. அவ்வரைச்சுற்றில் மின்னோட்டம் அறுபட்டால், முன் பெற்ற வேகத்தாலேயே வளையம் அவ்விடத்தைக் கடந்துவிடுகின்றது. பாடநூலில் இக்கருத்து இரண்டு வரியில் அடங்கிவிடும். கத்தியால் அரைப்பக்கம் சுரண்டிப் பார்த்தவனுக்கோ அஃது ஒருநாளும் மறவாது.

நிற்க. இம்முயற்சிகள் சிறுவர்க்கே உரியன என்று கருதுவாரும் உளர். அவர்கள் நம் நாட்டு அரவிந்த் குப்தாவின் வாழ்க்கையை நோக்குவாராக. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற அவர், 1978-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத்தில் நடைபெற்று வந்த விஞ்ஞானக் கல்வித் திட்டத்திற் பங்குகொண்டார். ஆங்கு, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வுக் குழாய்த் துண்டுகளையும் இணைத்து உருவங்கள் அமைக்கும் முறையை வகுத்தார். அவ்வாறு அமைத்த சதுரம் விரல் பட்டவுடன் சாய்கின்றது. முக்கோணமோ அசையாது நிற்கின்றது. பாலங்களிலும் கூரைச் சட்டங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருத்தலின் காரணத்தைக் கிராமத்துச் சிறுவனும் கையாலேயே அறிந்துகொள்கின்றான். குப்பையெனக் கழித்த பொருள்களால் விளையாட்டுக் கருவிகள் செய்து விஞ்ஞானம் பரப்பிய இப்பணிக்காக, 2018-ஆம் ஆண்டில் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது.

விளையாட்டுப் பொருள் ஆராய்ச்சிக் கருவியாகவும் மாறுதல் உண்டு. சோடாப் புட்டியின் மூடியைத் தட்டித் தட்டையாக்கி, இரு துளையிட்டு, நூல் கோத்து இழுத்து 'விர்'ரெனச் சுழற்றும் விளையாட்டை அறியாதார் யார்? அதே தத்துவத்தைக்கொண்டு, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து மனு பிரகாஷும் அவர்தம் குழுவினரும் காகிதத்தால் ஒரு சுழற்கருவி சமைத்து, 2017-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது நிமிடத்திற்கு 1,25,000 சுற்றுகள்வரை சுழல்கின்றது. குருதியினின்று ஊனீரை ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்திற் பிரிக்கின்றது. அதன் எடை 2 கிராம். அடக்கவிலை 20 அமெரிக்க சென்ட்டு. மின்சாரம் எட்டாத சிற்றூர்களிலும் நோயறிதற்குப் பயன்படும் நோக்குடன் அஃது ஆக்கப்பட்டது.

இனி, இக்காலத்தில் எழும் தடைகளை ஆராய்வோம். இணையவழிக் காணொளிகள் எண்ணிறந்தன உள்ளனவே, அவற்றைக் கண்டு கற்றலாகாதோ என்பர் சிலர். வழி தெரிந்துகொள்ள அவை உதவும். ஆயின், கண்டது செய்தது ஆகாது. மேலும், அவற்றுட் பொய்யும் கலந்துள்ளது. காந்தத் துண்டுகளை ஒட்டியமையால் விசிறி ஓயாது சுழல்வதாகவும், விளக்குகள் செலவின்றி எரிவதாகவும் காட்டும் படங்களை இலட்சக்கணக்கானோர் கண்டு மயங்குகின்றனர். எலுமிச்சம்பழத்தோடு போராடி ஒரு விளக்கை மங்கலாக எரியச் செய்த மாணவன் எளிதில் மயங்கான், "மின்கலத்தை எங்கே மறைத்துவைத்தீர்?" என்றே வினவுவான்.

வேறு சிலர், கடைகளில் விற்கும் ஆயத்தப் பெட்டிகளே போதும் என்பர். அவற்றில் ஒவ்வோர் உறுப்பும் அளந்து வெட்டி வைக்கப்பட்டிருப்பதால், தவறுதற்கு இடமே இல்லை. தவறுதற்கு இடமில்லாத இடத்தில் சிந்தித்தற்கும் இடம் குறைவே.

இடர் உண்டென்னும் தடையை மட்டும் யாம் முழுமனத்தோடு ஏற்கின்றோம். உப்பிய லித்தியம் மின்கலத்தைக் குத்துதலும் நசுக்குதலும் தீயை விளைக்கும். நுண்ணலை அடுப்பு, குழாய்த் தொலைக்காட்சி, ஒளிப்படக்கருவியின் மின்வெட்டொளி ஆகியவற்றின் உள்ளே, இணைப்பை நீக்கிய பின்னரும் கொடிய மின்னேற்றம் தங்கியிருத்தல் கூடும். இவற்றைத் தொடலாகாது, வீட்டு மின்னிணைப்பை நாடவும் கூடாது. சிறு உலர்மின்கலங்கள் இரண்டு மூன்று இருந்தால் நாம் கூறிய யாவும் செய்யலாம்.

இத்தகைய பழங்கருவிகளுக்குப் பஞ்சமுமில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 620 இலட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்ததென்றும், முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது. நாம் செய்யும் இரண்டொரு பொம்மைகளால் அக்குப்பை குறைந்துவிடும் என்று கூறோம். ஆயின், ஒரு கருவியைப் பிரித்து, அதனுள் அடங்கிய செம்பையும் காந்தத்தையும் மனித உழைப்பையும் கண்டவன், அடுத்ததை எறியுமுன் ஒருகணம் தயங்குவான்.

இவையனைத்தினும் முக்கியமானது ஒன்று உண்டு. நம் ஆராய்ச்சிச்சாலைகளில் மாணவர் பலர், வரவேண்டிய விடையை முன்னரே அறிந்துகொண்டு, அதற்கேற்ற எண்களைக் குறிப்பேட்டில் எழுதிவிடுகின்றனர். இஃது அறிவுக் குறைபாடு மட்டுமன்று. பொய்ம்மைக்குப் பழக்கும் பயிற்சியுமாகும். தன் கையாற் செய்த மோட்டாரிடம் இத்தந்திரம் செல்லாது. அது சுழலும், அன்றிச் சுழலாது. குறிப்பேட்டைத் திருத்துவதால் வளையம் திரும்பப்போவதில்லை.

ஆதலின், ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் அறையையோ, அறையின் ஒரு மூலையையோ இதற்கென ஒதுக்குதல் வேண்டும். ஒரு மேசை, சில திருப்புளிகள், ஒரு குறடு, ஒரு மின்னளவி, பழுதுற்ற சிறு பொருள்கள் நிறைந்த ஒரு பெட்டி ஆகியவை இருந்தாற் போதும். வாரத்தில் ஒருமணி நேரம், யாது செய்யவேண்டும் என்று ஆசிரியர் கட்டளையிடாது, கண்காணிப்பு மட்டும் செய்வாராக. செய்தது வெற்றியுறாவிடின், அது தவறிய விதத்தையும் காரணத்தையும் ஒளியாது எழுதிய மாணவனுக்கும் வெற்றியுற்றவனுக்கு இணையான மதிப்பெண் வழங்கப்படுதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! கல்லூரி இம்மேசையை அமைக்கும்வரை காத்திருத்தல் வேண்டா. இவ்விடுமுறையிலேயே ஆணியும் கம்பியும் பழமும் கொண்டு தொடங்குங்கள். விளக்கு எரியாவிடின் வருந்தற்க. ஏன் எரியவில்லை என்று வினவுங்கள். அவ்வினாவிற்கு நீங்களே காணும் விடை வேறெவரும் தரவியலாத செல்வமாய் நும்மிடம் நிலைக்கும்.