இரண்டாவது ஊசியைக் கேட்டு வாங்குங்கள்

ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும் பழக்கம் இப்போது நம்மவர் வீடுகளில் பரவலாக வந்துவிட்டது. நல்ல பழக்கம்தான். அந்த அறிக்கையில் மொத்தப் புரதம், ஆல்புமின் என்ற வரிகளுக்குக் கீழே ‘குளோபுலின்’ என்று ஒரு வரி இருக்கும். நூறு மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 3.5 கிராம் வரை இருந்தால் சரி என்பார்கள். எண் சற்று மேலே கீழே போய்விட்டால் நமக்குத் தூக்கம் வருவதில்லை. கடைக்குப் போனால் நோய் எதிர்ப்புச் சக்தியை வளர்ப்பதாகச் சொல்லும் மாவும் டானிக்கும் வரிசையாக நிற்கின்றன. அவற்றையும் வாங்கி வருகிறோம். ஆனால் இந்தக் குளோபுலின் என்ற பொருள் சில மணி நேரத்துக்குள் ஓர் உயிரைக் காப்பாற்ற வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அப்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்தச் சந்தர்ப்பம் நாய்க்கடி.

முதலில் குளோபுலின் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது மஞ்சள் நிறமான நீர். அதில் கரைந்திருக்கும் புரதங்களில் ஒரு பெரிய குடும்பம் குளோபுலின்கள். சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்னே டிசேலியஸ் 1937-ல் மின்சாரத்தின் உதவியால் இவற்றை ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பிரித்துக் காட்டினார். இரண்டாண்டு கழித்து, 1939-ல், அவரும் எல்வின் கபாட் என்ற அமெரிக்கரும் சேர்ந்து, கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் காமா குளோபுலின் பகுதியில்தான் இருக்கின்றன என்று நிரூபித்தார்கள். எதிர்ப்பொருளாக வேலை செய்யும் இந்தக் குளோபுலின்களைத்தான் இம்யூனோகுளோபுலின் என்கிறோம்.

நாம் உண்ணும் பருப்பு, பால், முட்டை ஆகியவற்றின் புரதம் வயிற்றில் உடைந்து, அதிலிருந்து உடல் தனக்கு வேண்டிய புரதங்களைக் கட்டிக்கொள்கிறது. ஆகவே நல்ல உணவு அவசியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த மாவும் எந்த டானிக்கும் ஒரு குறிப்பிட்ட கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடாது. அதற்கு இரண்டே வழிகள். ஒன்று, நோயின் மூலமோ தடுப்பூசியின் மூலமோ அந்தக் கிருமியை உடலுக்கு அறிமுகப்படுத்தி, உடலே தயாரித்துக்கொள்ளச் செய்வது. மற்றொன்று, வேறோர் உடலில் தயாரான எதிர்ப்பொருளை இரவல் வாங்குவது. கருவிலிருக்கும் குழந்தை தாயின் ரத்தத்திலிருந்தும், பிறந்த குழந்தை சீம்பாலிலிருந்தும் வாங்கிக்கொள்வது இந்த இரவல்தான். இயற்கை செய்யும் இதே காரியத்தை மருத்துவர்கள் 1890-ல் கையாளத் தொடங்கினார்கள். பெர்லினில் எமில் ஃபான் பெரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோவும், நோயெதிர்ப்புப் பெற்ற பிராணியின் சீரத்தை வேறொரு பிராணிக்குச் செலுத்தினால் அதுவும் பாதுகாப்புப் பெறுகிறது என்று காட்டினார்கள். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் பெரிங்குக்குக் கிடைத்தது இந்த வேலைக்காகத்தான்.

இனி நாய்க்கடிக்கு வருவோம். ரேபிஸ் கிருமி கடிபட்ட காயத்தில் நுழைகிறது. அங்கிருந்து நரம்புக்குள் புகுந்து, நரம்பின் வழியாகவே மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் நோய் வெளிப்படும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே வந்துவிடும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். தலை, முகம், கை ஆகிய இடங்களில் கடிபட்டவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அவகாசம் குறைவு. நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் பிறகு மரணம் ஏறக்குறைய நிச்சயம்.

தடுப்பூசி போட்டால் உடல் எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் தொடங்கும். ஆனால் அது போதிய அளவு சேர 7 முதல் 14 நாள் வரை ஆகும். அந்த இடைக்காலத்தில் காயத்தில் இருக்கும் கிருமியை யார் தடுப்பது? கிருமி நரம்புக்குள் போய்விட்டால் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளால் அதை எளிதில் எட்ட முடியாது. எனவே தயாராக இருக்கும் எதிர்ப்பொருளை, அதாவது ரேபிஸ் இம்யூனோகுளோபுலினை, முதல் நாளே காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்த வேண்டும். நான் சொல்லும் இரண்டாவது ஊசி இதுதான். தடுப்பூசி நாளைய காவல்; குளோபுலின் இன்றைய காவல்.

இதற்கு நிரூபணம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1954-ல் ஈரான் நாட்டுக் கிராமம் ஒன்றில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று 29 பேரைக் கடித்தது. தெஹ்ரான் பாஸ்டர் நிலைய மருத்துவர்கள் சிகிச்சை அளித்தார்கள். தலையில் பலத்த காயம் பட்டவர்கள் 18 பேர். அவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்ற 5 பேரில் 3 பேர் இறந்தார்கள். தடுப்பூசியுடன் சீரமும் பெற்ற 13 பேரில் ஒருவர்தான் இறந்தார். இந்தப் பாடம் கிடைத்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. உலக சுகாதார நிறுவனம் இன்றும் அதையே வலியுறுத்துகிறது. நம் நாட்டின் தேசிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது.

நாய்க்கடி மருத்துவத்தில் நம் நாடு பின்தங்கியே இருந்தது என்று சொல்ல முடியாது. 1900-லேயே கசௌலியில் பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. அப்போது தென்கோடியில் கடிபட்டவர்கள்கூட அந்த இமயமலை அடிவாரத்துக்குத்தான் ரயிலேற வேண்டும். 1902-ல் நீலகிரியில் ஓர் ஆங்கிலப் பெண்மணி சரியான நேரத்தில் சிகிச்சை கிட்டாமல் இந்த நோயால் இறந்தார். அதன் பிறகே முயற்சிகள் நடந்து, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நம்மில் மூத்தவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசி நினைவிருக்கும். டேவிட் செம்பிள் 1911-ல் கசௌலியில் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து தயாராகும் மருந்து அது. 2004-ஆம் ஆண்டு முடிவோடு அதன் தயாரிப்பு இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இப்போது போடுவது புஜத்தில் நான்கைந்து ஊசிதான். வலியும் குறைவு, ஆபத்தும் குறைவு.

அன்று மருந்துக்கும் நோயாளிக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரம் இருந்தது. இன்று அந்தத் தூரம் ஒரே மருத்துவமனைக்குள் இருக்கிறது. ஓர் அறையில் தடுப்பூசி போடுகிறார்கள். குளோபுலின் கையிருப்பில் இல்லை, அல்லது போட யாரும் நினைக்கவில்லை. ‘ஊசி போட்டாயிற்று’ என்று நாமும் நிம்மதியாக வீடு திரும்பிவிடுகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தினர் 15 மாநிலங்களில் நடத்தி 2025-ல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்கு சுமார் 5,700 பேர் இந்த நோயால் இறப்பதாக மதிப்பிடுகிறது. முன்பு சொல்லப்பட்ட சுமார் 20,000 என்ற கணக்கோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் தடுக்கக்கூடிய நோய்க்கு இது சிறிய எண்ணிக்கை அல்ல. கடிபட்டவர்களில் ஐந்தில் ஒருவர் ஒரு தடுப்பூசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. உலகளவில் சந்தேகத்துக்குரிய பிராணிகளால் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

2025 ஆகஸ்டில் தலைநகர்ப் பகுதித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் முதலில் ஓர் ஆணையும் பிறகு அதைத் திருத்தி மற்றோர் ஆணையும் பிறப்பித்தபோது, நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிட்டது. நாய்களைப் பிடிக்க வேண்டுமா, விட வேண்டுமா என்று பேசிய பேச்சில் பத்தில் ஒரு பங்காவது, கடிபட்ட குழந்தைக்கு அன்றைக்குக் குளோபுலின் கிடைக்குமா என்பதைப் பற்றி இருந்திருக்கலாம். நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதுதான் நிரந்தரத் தீர்வு என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. 2030-க்குள் நாயால் பரவும் ரேபிஸை ஒழிக்க அரசு 2021-ல் செயல்திட்டமும் வெளியிட்டிருக்கிறது. ஆனால் இன்று மாலை கடிபடும் குழந்தையால் 2030 வரை காத்திருக்க முடியாது.

‘குளோபுலின் விலை அதிகம், எல்லா இடத்திலும் எப்படி வைப்பது?’ என்பார்கள். மனித ரத்தத்திலிருந்து எடுப்பது விலை அதிகம்தான். ஆனால் குதிரை சீரத்திலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பது மலிவு. 2017-லிருந்து ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் ஒற்றை வகை எதிர்ப்பொருள் மருந்தும் நம் நாட்டிலேயே தயாராகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக சிம்லாவில் பணியாற்றிய டாக்டர் ஓமேஷ் பார்தி ஒரு வழி காட்டினார். முன்பெல்லாம் காயத்தில் போட்டது போக மீதியைத் தசையில் போட்டு முடித்துவிடுவார்கள். சீரம் பற்றாக்குறையாக இருந்த காலத்தில் அவர் காயத்துக்கு வேண்டிய அளவை மட்டும் போட்டு, ஒருவருக்கு ஆகும் மருந்தில் பலரைக் காப்பாற்ற முடியும் என்று செய்து காட்டினார். 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் காயத்தில் போட்டால் போதும் என்று தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எனவே பணமில்லை என்ற காரணம் இனி செல்லாது. தடுப்பூசி போடும் ஒவ்வோர் இடத்திலும் குளோபுலினும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கே இருக்கிறது என்று எழுதி ஒட்டியாவது வைக்க வேண்டும்.

நம் பங்குக்கு நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. கடிபட்டவுடன் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் தடவக்கூடாது. முழுத்தோலின் மீது நக்கினால் பயமில்லை. ரத்தம் வராத சிறு பிறாண்டலுக்குத் தடுப்பூசி போதும். ரத்தம் கசிந்த கடி அல்லது கீறல், புண்ணின் மீதோ வாய், கண் ஆகியவற்றிலோ எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகை. இவற்றுக்குத் தடுப்பூசியும் குளோபுலினும் இரண்டும் வேண்டும். முதல் நாளே போடுவது நல்லது. தவறினால் முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளுக்குள். ஏற்கெனவே முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குக் குளோபுலின் தேவையில்லை. நாயைப் பத்து நாள் கவனித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கக்கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனியுங்கள். குதிரை சீரம் சிலருக்கு ஒவ்வாமை தரலாம் என்பதால்தான் போட்டபின் சிறிது நேரம் அங்கேயே உட்கார வைக்கிறார்கள். அதற்குப் பயந்து வேண்டாமென்று வந்துவிடாதீர்கள்.

‘டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது?’ என்று கேட்கலாம். அவருக்குத் தெரியும். ஆனால் கூட்டம் மிகுந்த அரசு மருத்துவமனையில், புறநோயாளிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பாஷையும் தடுமாறி நிற்கும் நமக்கு எல்லாவற்றையும் அவரே எடுத்துச் சொல்ல நேரமிருக்காது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத்தான் இந்தக் கேள்வியை வாயில் தயாராக வைத்திருக்க வேண்டிய அவசியம் அதிகம். இந்தி பேசும் ஊரில் இருப்பவர்கள் இந்த இரண்டு வாக்கியத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்: ‘குத்தே நே காட்டா ஹை, கூன் நிக்லா ஹை. டீக்கே கே சாத் இம்யூனோகுளோபுலின் பீ லகாயியே.’ சில இடங்களில் இதை ‘சீரம்’ என்றோ ‘ஆர்.ஐ.ஜி.’ என்றோ சொன்னால்தான் புரியும். அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கடிபடுவது நம் பிள்ளைகள் மட்டுமல்ல. விடியற்காலையில் வேலைக்கு வரும் அம்மாள், இரவில் கேட்டில் உட்காரும் காவலாளி, பால் போடும் பையன் ஆகியோர்தாம் தெருநாய்க்கு முதலில் எதிர்ப்படுகிறவர்கள். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று அவர்கள் காயத்தை மறைக்கவும் கூடும். அவர்களுக்கும் இதைச் சொல்வது நம் கடமை.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் உறுப்பினர் முகவரிப் புத்தகம் வெளியிடுகிறோம். அதன் பின்னட்டையில், நம் நகரில் குளோபுலின் இருப்பு வைத்திருக்கும் மருத்துவமனைகள் எவை, இரவிலும் போடுகிறார்களா, இலவசமா, தொலைபேசி எண் என்ன என்று ஒரு பட்டியல் அச்சிட்டால் என்ன? நாலைந்து இளைஞர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினால் விசாரித்துவிடலாம். செப்டம்பர் 28 பாஸ்டர் மறைந்த நாள். அதையே உலக ரேபிஸ் தினமாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் இந்தப் பட்டியலைத் தயார் செய்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.