டிஸ்சார்ஜ் பண்ணி எங்கே அனுப்புவது?

1/ "சார், நாளைக்கு முகாம்ல கணக்கெடுப்பு. நான் இருக்கணும். டிஸ்சார்ஜ் குடுத்துடுங்க."

இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்த பெயின்டர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தவர். ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

2/ பிப்ரவரி 2016. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன். நவுரு தீவின் அகதிகள் முகாமில் வெந்நீர் கொட்டித் தீக்காயம்பட்ட, ஒரு வயது பெண் குழந்தை குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்தது. காயம் ஆறினதும் திரும்ப அதே தீவுக்கு அனுப்புவதுதான் அரசின் திட்டம்.

டாக்டர்கள் சொன்ன பதில்: குழந்தை வாழத் தகுந்த ஓர் இடம் உறுதியாகும் வரை டிஸ்சார்ஜ் கிடையாது.

3/ இதில் அரசியல் இல்லை. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அடிப்படைப் பாடமே இதுதான். நோயை உண்டாக்கின இடத்துக்கே நோயாளியைத் திருப்பி அனுப்பினால் அது வைத்தியம் ஆகாது.

அப்போது முகாம்களில் வேலை பார்த்தவர்கள் உள்ளே நடப்பதை வெளியே சொன்னால் 2 வருஷம் வரை சிறை என்று 2015ல் வந்த சட்டம் வேறு இருந்தது. டாக்டர்கள், நர்ஸ்களுக்கு அதிலிருந்து விலக்கு வந்ததே 2016 கடைசியில்தான்.

4/ அந்த டாக்டர்களுக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது?

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ப் பாருங்க. பொதுமக்கள் ராத்திரி பகலா நின்றார்கள். தொழிற்சங்கத்தினரும் வந்து நின்றார்கள். கடைசியில் அந்தக் குடும்பம் நவுருவுக்கு அனுப்பப்படவில்லை. ஆஸ்திரேலியாவிலேயே ஊருக்குள் தங்கவைக்கப்பட்டது.

தனி ஒரு டாக்டர் மறுத்திருந்தால் மெமோ வந்திருக்கும். ஊரே சேர்ந்து மறுத்தால் அரசு யோசித்துத்தான் ஆகணும்.

5/ அடுத்தது நம்ம ஆட்களின் கதை. குயின்ஸ்லாந்தில் பிலோயிலா என்று ஒரு சின்ன ஊர், சுமார் 6,000 பேர். நிலக்கரி, மாடு, இறைச்சி ஆலை. அகதிகள் விஷயத்தில் கறாராக இருக்கும் கட்சிக்கு ஓட்டுப் போடும் பகுதி.

அங்கே ஓர் ஈழத் தமிழ்க் குடும்பம். அப்பா இறைச்சி ஆலைத் தொழிலாளி. மார்ச் 2018ல் ஒருநாள் விடியற்காலையில் அதிகாரிகள் வந்து அப்பா, அம்மா, இரண்டு பெண் குழந்தைகளையும் கொண்டுபோய்விட்டார்கள்.

6/ ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கையெழுத்து இயக்கம் ஆரம்பித்தார்கள். 5 லட்சத்தைத் தாண்டியது. ஆகஸ்ட் 2019ல் நாடுகடத்த விமானத்தில் ஏற்றிய பிறகும் கோர்ட் உத்தரவால் அது டார்வினில் இறங்கியது. அப்புறம் கிறிஸ்துமஸ் தீவில் காவல்.

ஜூன் 2021ல் சின்னப் பெண்ணுக்கு ரத்தத்தில் கிருமித் தொற்று. பெர்த் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டுவந்தார்கள். நான்காவது பிறந்தநாள் அங்கேதான்.

7/ "கோர்ட்டே அவங்க அகதி இல்லைன்னு சொல்லிடுச்சே, சட்டம்னு ஒண்ணு இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்களின் அகதி கோரிக்கை நிஜமாகவே தோற்றுத்தான் போனது. ஆனால் விசா தரும் அதிகாரம் அமைச்சருக்கு அதே சட்டத்தில்தான் இருந்தது. இல்லாமல் போனது மனசுதான். 2022ல் ஆட்சி மாறியது. ஜூனில் குடும்பம் பிலோயிலா திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா.

8/ என் கருத்து இதுதான். இந்த ஊர்க்காரர்கள் 'அகதிகள்' என்ற சொல்லுக்காகப் போராடவில்லை. கூட வேலை பார்த்தவருக்காக, பக்கத்து வீட்டுக் குழந்தைக்காகப் போராடினார்கள். தெரிந்த முகத்தைத் தூக்கிக்கொண்டு போனால்தான் கோபம் வருகிறது. முகம் தெரிய, கூடச் சேர்ந்து வேலை செய்யணும், வாழணும்.

9/ இப்ப நம்ம ஊருக்கு வருவோம். பிலோயிலா செய்தியை நாம் எல்லாரும் ஷேர் பண்ணினோம். சந்தோஷம். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள், 50,000க்கும் மேற்பட்டோர். 2021ல் பலகையில் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது; நல்ல மாற்றம்தான். ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறைக்கும் ஆவணத்தில் இது சொந்த ஊர் இல்லை.

10/ சங்கத்தில் இருக்கும் தோழர்களே, கட்டட வேலையிலும் பெயின்டிங்கிலும் உங்கள் பக்கத்திலேயே நிற்கிற முகாம்காரர்களில் எத்தனை பேர் உங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள்? சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் நஷ்டஈடு கேட்டு யார் போவார்கள்?

மற்றவர்களுக்கு: உங்கள் ஊர் முகாமில் ஒருவரின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

11/ அந்த பெயின்டரிடம், "கணக்கெடுக்கிறவங்களுக்கு லெட்டர் தரேன், படுங்க" என்றேன். கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தேன். அவர் தங்கினார்.

ஒரு டாக்டரால் முடிந்தது அவ்வளவுதான். மிச்சத்துக்கு நீங்க வேணும்.