எண்ணுக்கு எழுத்தை இடுவதோ?

தமிழெண்களை மீட்டெடுத்தல் வேண்டும் என முழங்குவார் பலர். ஆயின் அவருட் பலர், கணினியில் தமிழெண்ணை எழுதப் புகுங்கால், ஒன்றுக்குக் ககரத்தையும், இரண்டுக்கு உகரத்தையும், ஏழுக்கு எகரத்தையும், எட்டுக்கு அகரத்தையும் இட்டு அமைகின்றனர். வடிவம் ஒத்திருத்தலின் குற்றமில்லை என்பது அவர்தம் கருத்து. குற்றம் உண்டு, அதுவும் சிறிதன்று.

தருமபுரிப் பகுதியிற் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லொன்று, நாவற்றாவளத்துக்குக் காதம் 29 என அறிவிக்கின்றது. எழுத்தறியா வழிப்போக்கரும் தொலைவை உணருமாறு, இரண்டு பெருங்குழிகளும் ஒன்பது சிறுகுழிகளும் அக்கல்லில் அகழப்பட்டுள்ளன. படிப்பவர்க்கேற்ற குறி வேண்டும் என்பதைத் தமிழன் அன்றே அறிந்திருந்தான். இற்றைக் கணினியும் எழுத்தறியா வழிப்போக்கனே. அதற்கு வடிவம் தெரியாது. ஒவ்வொரு குறிக்கும் ஒருங்குறியில் ஒதுக்கப்பட்ட இடம் ஒன்றே தெரியும். ‘க’ என்னும் எழுத்துக்கு ஓரிடம். ‘௧’ என்னும் எண்ணுக்கு வேறோரிடம். எண்ணிருக்க எழுத்தை இட்டால், கணினி அதனை எண்ணெனக் கொள்ளாது, தேடினாற் கிட்டாது, வரிசைப்படுத்தினாற் பிறழும்.

இவ்விடங்கள் ஒருநாளில் வந்தவையல்ல. ஒருங்குறியின் இந்திய மொழிப் பகுதிகள், 1988-ஆம் ஆண்டின் இந்தியக் குறியேற்றத் தரத்தைத் தழுவி, தேவநாகரி வரிசைக்கு ஒப்ப அமைக்கப்பட்டன. ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள தமிழெண்களும், பத்து (௰), நூறு (௱), ஆயிரம் (௲) ஆகியவும் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. சுழியத்தின் கட்டம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. பழந்தமிழ் முறையில் 2005 என்பது ௨௲௫. அதற்குச் சுழியம் வேண்டுவதில்லை. ௨௦௦௫ என இடமதிப்பு முறையில் எழுதுவார்க்கோ அஃது இன்றியமையாதது. அக்கட்டம் 2005-இல்தான் நிரம்பிற்று.

கீழ்வாயிலக்கத்தின் செய்தி இதனினும் வருந்தத்தக்கது. மலையாளத்தின் கால், அரை, முக்கால் குறிகள் 2008-இல் ஒருங்குறி ஏறின. அரைக்காணி, அரைமா, முக்காணி, ஒருமா முதலியன 2016-இல் ஏறின. அப்பெயர்களே அவை எந்த மொழியின் கருவூலம் என்பதைச் சொல்லும். தமிழின் முந்திரி, காணி, மா, வீசம் முதலாய குறிகளோ, நெல் முதலியவற்றின் அளவைக் குறிகளோடும் காசு, பணக் குறிகளோடும் சேர்ந்து, 51 குறிகள் கொண்ட துணைப்பகுதியாக 2019-இல்தான் இடம்பெற்றன. சேய் முந்திற்று, தாய் பிந்தினாள். இதற்கு மலையாளத்தாரைக் குறைகூறிப் பயனில்லை. அவர்தம் சுழியத்துக்கே, காலின் குறியைத் தவறாக ஒருங்குறி அட்டவணையில் அச்சிட்டுப் பின்னர்த் திருத்தினர். விழிப்பிலார் மொழி எதுவாயினும் பிறழவே செய்யும்.

இதனால் இழப்பென்ன என வினவுவார் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளைப் பார்க்க. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அதனினும் 320-இல் ஒரு பங்கு, அஃதாவது 1,02,400-இல் ஒன்று. அத்துணை நுட்பமாக நிலம் அளந்து கல்லிற் பொறித்தனர் சோழர். அக்கல்வெட்டையோ, கணக்கதிகார ஏட்டையோ கணினியில் ஏற்றுவார், குறியிருக்க அதன் போலியை இட்டால், நாளை ஆய்வார்க்கு நிலத்தின் அளவே மறைந்துபோகும். கல் காத்ததைக் கை தொலைத்ததாகும்.

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்து மாணவன் ஒருவன் கையில் உள்ள கைப்பேசிக்கும், சென்னைப் பெருநிறுவனக் கணினிக்கும் ஒருங்குறி ஒன்றே. துணைப்பகுதிக் குறிகளுக்கு நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் எழுத்துருவும் உண்டு. இடம் இல்லை என்று சொல்லுங் காலம் கழிந்தது. பள்ளிகளில் தமிழெண்ணைக் கற்பிப்போர், அதன் வடிவத்தோடு, விசைப்பலகையில் அஃது இருக்கும் இடத்தையும் கற்பிக்க. தமிழெண்ணில் ஆண்டு அச்சிடும் இதழ்கள் எழுத்தை நீக்கி எண்ணையே இடுக. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக வைத்தார் வள்ளுவர். ஒரு கண்ணைப் பிடுங்கி மற்றொன்றன் குழியில் வைப்பார் உண்டோ?